விர்ச்சோவும் ஒரு துணுக்குச் சதையும்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

எங்கள் விலங்கியல் சோதனைச்சாலையின் மூலையில் மைக்ரோடோம் என்னும் கருவி ஒன்று இருக்கிறது. மெழுகுக் கட்டியில் பதித்த எலியின் ஈரலை அதில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு கனமுள்ள சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா போல நீண்டு வரும். வரவேண்டும் என்பது விதி. எனக்கு முதல் நாள் வந்ததெல்லாம் மெழுகுத் தூள்தான். மூன்றாம் நாள் எப்படியோ நாடா வந்தது. அதைக் கண்ணாடித் துண்டில் ஏற்றி, மெழுகைக் கரைத்து, ஹீமட்டாக்சிலின் சாயமும் இயோசின் சாயமும் ஊட்டி நுண்ணோக்கியில் வைத்தபோது, இளஞ்சிவப்புத் தரையில் நீலப் பொட்டுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நீலம் உட்கரு, சிவப்பு அதைச் சூழ்ந்த பொருள். மருத்துவமனைகளில் புற்றுநோயைக் கண்டறிவதும் இதே முறையில்தான் என்று விரிவுரையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார். நான் மட்டும் அந்தக் கண்ணாடித் துண்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் அப்பத்தாவின் கன்னத்துச் சதையும் ஒரு நாள் இப்படித்தான் மெழுகில் அமிழ்ந்து, சீவப்பட்டு, நீலமும் சிவப்புமாக எவர் கண்ணுக்கோ காட்சி தந்திருக்கும்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது அது. அப்பத்தாவுக்கு வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் பொழுது விடியாது. இடக் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்து, கோழிக்கொண்டைப் பூவைப் போல் மடிப்பு மடிப்பாக ஏதோ வளர்ந்திருந்தது. வலி இல்லை. சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் தெருவே கூடி வேண்டாம் என்றது. கத்தி பட்டால் புற்று கிளம்பிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். சித்தப்பா பிடிவாதமாக நின்று அழைத்துப் போனார். ஒரு வாரம் கழித்து வந்த தாளில் புற்று இல்லை என்றிருப்பதாகத் தெரிந்ததும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். அப்பத்தா மறுநாளே புகையிலைக்கு ஆள் அனுப்பினாள். பதினொரு மாதம் கழித்துத் தாடை வீங்கியது. மறுபடி, இம்முறை ஆழத்திலிருந்து சதை எடுத்தார்கள். புற்றேதான். அவள் போன பிறகு தெரு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கத்தி பட்டதால் வந்த வினை.

அந்தச் சொல்லுக்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பதிலைத் தேடி நூலகத்தில் புரட்டியபோதுதான் ருடால்ஃப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய அறிஞரின் வாழ்க்கை கையில் சிக்கியது. செல் கொள்கையைப் படிக்கும்போது நாம் எல்லோரும் எழுதி மறக்கும் பெயர்தான். ஜெர்மானியர் அதை ஃபிர்கோ என்பது போல ஒலிப்பார்களாம். நமக்குப் பழகிய ஒலியிலேயே எழுதுகிறேன்.

பிரஷ்ய நாட்டின் பொமரேனியா மாகாணத்தில் ஷிவல்பைன் என்னும் சிற்றூரில் 1821-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் விர்ச்சோ பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை சிறு நிலம் வைத்திருந்த உழவர். நகரசபையின் பொருளாளராகவும் இருந்தவர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பணம் கட்டி மருத்துவம் படிக்கும் வசதி இல்லை. ஆகையால் படைக்கு மருத்துவர்களைப் பயிற்றும் பெர்லின் கல்விக்கூடத்தில் 1839-இல் சேர்ந்தார். அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. படித்து முடித்தபின் படையில் பணிபுரியவேண்டும் என்பது நிபந்தனை. அரசுக் கல்லூரியில் படிக்கும் நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகவே விளங்கும்.

1843-இல் பட்டம் பெற்று, பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் பிணக்கூறாய்வு அறையில் பணியில் அமர்ந்தார். 1845-இல், நோயுற்று இறந்துபோன சமையற்காரப் பெண்மணி ஒருத்தியின் உடலை ஆராய்ந்தார். மண்ணீரல் பெருத்திருந்தது. இரத்தக் குழாய்களில் சீழ் போன்ற வெளிறிய பொருள் நிறைந்திருந்தது. சீழ் என்று எழுதிவிட்டு அடுத்த உடலுக்குப் போயிருக்கலாம். அவரோ நுண்ணோக்கியில் பார்த்து, அது சீழ் அன்று, அளவின்றிப் பெருகிய வெள்ளணுக்களே என்று கண்டார். அதே ஆண்டில் எடின்பரோவில் பென்னெட் என்பவரும் தனியே இத்தகைய நோயை விவரித்தார் என்றாலும், வெள்ளை இரத்தம் என்னும் பொருள்பட லுக்கீமியா என்ற பெயரை 1847-இல் சூட்டியவர் விர்ச்சோவே. அந்த ஆண்டே நண்பர் ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி இதழையும் தொடங்கினார். வயது இருபத்தாறு நிறையவில்லை. பேர்போன இதழ்கள் அவருடைய கட்டுரையை மறுத்ததால் தாமே ஓர் இதழைத் தொடங்கினார் என்பார்கள். அந்த இதழ் இன்றும் அவர் பெயரைத் தாங்கி வெளிவருகிறது.

1848-இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவி மக்கள் மடிந்தனர். அரசு விர்ச்சோவை அனுப்பியது. ஏறக்குறைய மூன்று வாரம் அங்கே சுற்றினார். மருந்துப் பட்டியல் கேட்ட அரசுக்கு அவர் தந்த அறிக்கை வேறு மாதிரி இருந்தது: பசியும் குடிசையும் அறியாமையுமே நோய்க்குக் காரணம், கல்வியும், தம்மைத் தாமே ஆளும் உரிமையும், நேர்மையான வரியும், நல்ல சாலையும் கொடுங்கள் என்றார். பெர்லின் திரும்பிய சில நாட்களில் மார்ச்சுப் புரட்சி வெடித்தது. அவரும் தெருத்தடுப்பு எழுப்பியவர்களோடு நின்றார். விளைவு, வேலைக்கு ஆபத்து. 1849-இன் இறுதியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நோய் உடற்கூற்றியலுக்கென ஜெர்மனியில் ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி அது. அங்கே அவரிடம் படித்தவர்களில் நம் பாடநூல்களில் வரும் ஹெக்கலும் ஒருவர்.

நாம் பார்க்கவேண்டிய இடம் இதுதான். அந்நாளில் நோய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் உடலில் ஓடும் நீர்களில் என்பார்கள். நம் ஊரில் வாதம், பித்தம், கபம் என்பது போல அங்கும் நான்கு நீர்களைப் பற்றிய பழைய கொள்கை இருந்தது. அது மங்கிய பிறகும், வடிவமற்ற ஒரு நீர்ப்பொருள் உறைந்து அதிலிருந்து செல்கள் தாமாகத் தோன்றுகின்றன என்றே நம்பினார்கள். செல் கொள்கையை வகுத்த ஷ்வானே அவ்விதம்தான் கருதினார். இதை விர்ச்சோ மறுத்தார். ஏற்கெனவே இருக்கும் செல்லிலிருந்தே செல் பிறக்கிறது, நோயுற்ற செல்லும் இதற்கு விலக்கன்று என்று 1855-இல் எழுதினார். 1856-இல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்துத் தனி ஆய்வு நிலையமே கட்டித் தந்தது. அங்கே 1858-இல் ஆற்றிய இருபது சொற்பொழிவுகள் செல் நோயியல் என்ற நூலாயின. ராபர்ட் ரீமாக் என்பவர் செல் பிரிந்தே செல் உண்டாகிறது என்பதை அவருக்கு முன்னரே கண்டு சொல்லியிருந்தார். விர்ச்சோ அவருக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்ற குறை உண்டு. குறை நியாயமானதே என்பது என் எண்ணம்.

இந்தக் கொள்கைக்கும் அப்பத்தாவின் கன்னத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நோய் உடல் முழுதும் ஓடும் நீரில் இருக்குமானால், ஒரு மூலையில் கிள்ளிய சதை எதையும் சொல்லாது. நோய் செல்லில் இருக்கிறது என்றால், அந்தச் செல்லை வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம். ஆள் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம். அதுவரை பிணத்தை அறுத்த பிறகே தெரிந்த உண்மை, நோயாளி எழுந்து வீட்டுக்கு நடந்து போகும்போதே தெரியலாயிற்று. 1870-களில் பெர்லினில் ரூகே, வைட் என்னும் மருத்துவர்கள் கருப்பைப் புற்றை இவ்விதம் கண்டறியும் முறையை வகுத்தார்கள். 1879-இல் பிரெஞ்சு மருத்துவர் பெனியே உயிர், பார்வை என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இதற்குப் பயாப்சி என்று பெயரிட்டார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, பயாப்சியின் தத்துவம் அதுதான். ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு வம்பும் இருக்கிறது. அதை விர்ச்சோவுக்குக் காட்டியது ஒரு பேரரசரின் தொண்டை.

1887-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மன் பட்டத்து இளவரசர் ஃப்ரெடெரிக்கின் குரல் கம்மியது. வயது ஐம்பத்தைந்து, புகைக்குழாய் பிடிக்கும் பழக்கமுள்ளவர். இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாரின் மருமகன். தந்தை வில்லியம் சக்கரவர்த்திக்கு வயது தொண்ணூறு. எந்த நாளும் மகன் அரியணை ஏறலாம். பிஸ்மார்க்கின் இரும்புப் பிடி தளர்ந்து மக்களாட்சியின் காற்று வீசும் என்று முற்போக்காளர்கள் எல்லாரும் இந்த இளவரசரை நம்பியிருந்தார்கள். விர்ச்சோவும் அந்த அணியைச் சேர்ந்தவர்தான். சட்டமன்றத்தில் பிஸ்மார்க்கை எதிர்த்துப் பேசியதற்காக 1865-இல் பிஸ்மார்க் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கே அழைத்தார், விர்ச்சோ மறுத்துவிட்டார். நுண்ணோக்கியின் மேல் குனியும் மனிதருக்கும் ஓர் ஆசை இருந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இடக் குரல்நாணில் சிறு முடிச்சு ஒன்று இருப்பதைப் பேராசிரியர் கெர்ஹார்ட் கண்டார். கம்பியைச் சூடேற்றிப் பல நாள் சுட்டும் அது மறுபடி வளர்ந்தது. புற்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிய அறுவை மருத்துவர் பெர்க்மான் கழுத்தைத் திறந்து நீக்க ஏற்பாடு செய்தார். அதற்குள் லண்டனிலிருந்து தொண்டை நிபுணர் மோரல் மெக்கன்சி வந்து சேர்ந்தார். சதையை ஆராயாமல் கத்தி வைக்கக்கூடாது என்றார். கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? 1887 மே 21-ஆம் நாள் கண்ணாடியில் பார்த்தபடி இடுக்கியால் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அது விர்ச்சோவிடம் போயிற்று. புற்று தென்படவில்லை, ஆனால் துணுக்கு மிகச் சிறியது என்று பதில் வந்தது. ஜூன் மாதம் இன்னும் பெரிய துணுக்குகள் போயின. மேல்தோல் தடித்து மருப் போல் வளர்ந்திருக்கிறது, புற்று இல்லை என்றார் விர்ச்சோ. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. தம் கைக்கு வந்த துணுக்குகளைப் பற்றியே தாம் பேசுவதாகவும், நோய் முழுவதைப் பற்றியும் அவற்றைக் கொண்டு உறுதி கூற இயலாது என்றும் சேர்த்து எழுதினார்.

நாடு படித்தது முதல் பாதியை மட்டுமே. அறுவை கைவிடப்பட்டது. அந்த ஜூன் மாதமே விக்டோரியா அரசியாரின் பொன்விழா ஊர்வலத்தில் இளவரசர் வெள்ளைச் சீருடையில் குதிரை மீதேறி லண்டன் தெருக்களில் சென்றார். மெக்கன்சிக்குச் சர் பட்டம் கிடைத்தது. நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் தங்கியிருந்தபோது குரல்நாணுக்குக் கீழே புதிய வளர்ச்சி தெரிந்தது. இனி மறைக்க ஏதுமில்லை. 1888 பிப்ரவரியில் மூச்சு முட்டவே மூச்சுக்குழாயில் துளையிட்டார்கள். மார்ச் 9-ஆம் நாள் தந்தை இறக்க, மகன் சக்கரவர்த்தியானார். பேச்சு இல்லை, ஆணைகளைத் தாளில் எழுதிக் காட்டினார். தொண்ணூற்றொன்பது நாள் ஆட்சி. ஜூன் 15-ஆம் நாள் மறைந்தார். அரியணை அவர் மகன் இரண்டாம் வில்லியத்திடம் போயிற்று.

மறுநாள் உடலைக் கூறாய்வு செய்தவர்களில் விர்ச்சோவும் ஒருவர். உடன் இருந்தவர் வால்டையர். இவருக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. புற்றுநோய் இணைப்புத் திசுவிலிருந்து கிளம்புகிறது என்று விர்ச்சோ நெடுநாள் சாதித்துவந்தார்; அன்று, அது மேல்படலச் செல்களிலிருந்தே பிறக்கிறது என்று டியர்ஷும் வால்டையரும் 1860-களில் மெய்ப்பித்தார்கள். இப்போது அந்த இருவரும் ஒரே மேசையின் முன் நின்று, சிதைந்து உருக்குலைந்த குரல்வளையில் ஐயமின்றிப் புற்றைக் கண்டார்கள். அறுபத்தாறு வயது விர்ச்சோவின் மனம் அந்த நேரத்தில் என்ன பாடுபட்டதோ, நான் ஊகிக்கத் துணியவில்லை.

ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் தூற்றிப் புத்தகங்கள் எழுதினார்கள். எனக்கு அவற்றில் அக்கறை இல்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. 1948-இல் ஆக்கர்மன் என்னும் அமெரிக்க நோயியல் அறிஞர் மருப் போன்ற ஒருவகைப் புற்றை விவரித்தார். வாயில், குறிப்பாகப் புகையிலை மெல்லுவோரின் கன்னத்தில் அது வரும். மெதுவாக வளரும். மேற்பரப்பிலிருந்து எடுத்த சதையில் செல்கள் ஒழுங்காகவே காட்சி தரும். அடியில், நல்ல சதையை அது நெருக்கித் தள்ளும் எல்லையைப் பார்த்தால்தான் குணம் தெரியும். இளவரசருக்கு வந்ததும் குரல்வளையில் இத்தகையதாகவே இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் விர்ச்சோ பார்த்ததும் பிழையன்று, பெர்க்மான் பயந்ததும் பிழையன்று. சோற்றுப் பானையில் கொதி எங்கும் ஒன்றுபோல் பரவும். புற்றுக்கட்டியில் அப்படி இல்லை. இதைப் படித்த இரவு எனக்கு அப்பத்தாவின் அடுப்பங்கரை நினைவுக்கு வந்தது. அவள் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பதம் பார்த்ததே இல்லை. அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, அடியிலிருந்து வந்த பருக்கையைத்தான் நசுக்கிப் பார்ப்பாள்.

விர்ச்சோவின் மற்ற பணிகளை விரிக்க இடம் போதாது. பெர்லின் நகரசபையில் நாற்பது ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்து பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வழிசெய்தார். 1879-இல் ட்ராய் நகர அகழ்வாய்வில் ஷ்லீமானுடன் இருந்தார். ஏறக்குறைய 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண், முடி, தோல் நிறத்தைக் கணக்கெடுத்து, தூய இனம் என்று பெருமை பேசியவர்களின் வாயை அடைத்தார். கிருமிக் கொள்கையை ஏற்க அவர் தயங்கியதும், செம்மல்வைஸ் சொன்ன கை கழுவும் முறையை மதிக்காததும் அவர் கணக்கில் எழுதவேண்டிய பற்றுகள். 1902 ஜனவரி 4-ஆம் நாள் ஓடும் ட்ராமிலிருந்து குதித்துத் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எண்பது வயதில் ஓடும் வண்டியிலிருந்து குதிப்பானேன் என்று நாம் கேட்கலாம். அவர் ஆயுளில் பொறுமையாக நின்று இறங்கியதாகத் தெரியவில்லை. அந்த முறிவிலிருந்து மீளாமல் செப்டம்பர் 5-ஆம் நாள் காலமானார்.

இன்று சதையை ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். குழாயை உள்ளே விட்டுக் குடலின் மூலையிலிருந்தும் கிள்ளி எடுக்கிறார்கள். குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு செல்லுக்கு நிறமேற்றி வகை பிரிக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலும் கடைசியில் ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து நீலத்தையும் சிவப்பையும் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தகரப் பெட்டியின் அடியிலிருந்து அப்பத்தாவின் முதல் தாளை எடுத்தேன். எங்கள் வீட்டில் அன்று ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. என்னிடம் யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் இருந்தவர் முதல் வரியைப் பார்த்துப் புற்று இல்லை என்று சொன்னதோடு சரி. தாளில் நான்கு வரிகள் இருந்தன. நான்காவது வரியில், அனுப்பிய துண்டு மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டது, ஐயம் இருப்பின் ஆழமான பகுதியிலிருந்து மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று தட்டச்சில் தெளிவாக இருந்தது. கத்தி பட்டதால் அன்று, கத்தி ஆழம் போகாததால், அந்த வரியை யாரும் படிக்காததால் அந்தப் பதினொரு மாதம் கைநழுவியது.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, எதிர்வீட்டு அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி, சதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. தெரு வழக்கம்போல் வேண்டாம் என்றது. அன்று மாலை நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மைக்ரோடோம், மெழுகு, நீலப் பொட்டு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ஜெர்மன் ராஜாவின் கதையையும் சொன்னேன். அத்தைக்கு அதுதான் பிடித்தது. ராஜாவுக்கே அப்படியா என்று இரண்டு முறை கேட்டார். மறுவாரம் போய்ச் சதை கொடுத்துவிட்டு வந்தார். தாள் வந்ததும் நேரே எனக்குத்தான் அனுப்பினார்கள். ஐந்து வரிகள். ஐந்தையும் படித்துச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.